பழைய மர வீட்டில் புதிய குளியலறை

(காரைக்கால் வட்டாரத்து விவசாயிகளும் கிராமப் பெரியோர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



பஞ்சாயத்துப் பொறுப்பை வகித்தவர்களும் இனி வகிக்கப்போகிறவர்களுமாகப் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். வளர்ச்சி அதிகாரி பேச வருகிறார் என்றால் விதை, உரம், வாய்க்கால் மராமத்து, சாலை ஆகிய இவற்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவற்றையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்முடைய பழைய வீடுகளுக்குள் குளியலறையும் கழிப்பறையும் கட்டிக்கொள்வதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். இது அவரவர் சொந்த விஷயம், இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். என் வீட்டுக் கழிவுநீர் உங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் போகாத வரையில் அது என் சொந்த விஷயந்தான். போகத் தொடங்கிவிட்டால் அது ஊர் விஷயமாகிவிடுகிறது.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, பரிசோதனையில் அது காலரா என்று தெரியவந்து, புதுவை அரசு இங்கே பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாட்கள் மூடப்பட்டன. வாந்திபேதி என்பதைப் பாட்டிமார் சொன்ன பழங்கதையாக மட்டுமே அறிந்திருந்த இளைஞர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்க நேர்ந்தது. மனித மலத்திலுள்ள கிருமி குடிதண்ணீரிலோ உணவிலோ கலந்தாலன்றி அந்நோய் பரவுவதில்லை. அன்று முதல் எந்த வீட்டுக்குச் சென்றாலும் கிணறு எங்கே, கழிவுக்குழி எங்கே என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நம் வட்டாரத்துப் பழைய வீடுகளின் அமைப்பை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையலறை, அதற்கப்பால் கொல்லை, கொல்லையில் கிணறு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே கட்டப்பட்ட இத்தகைய வீடுகள் பட்டணத்திலும் உண்டு. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்களிலும் உண்டு. வசதி படைத்தவர்கள் பர்மாத் தேக்கினால் தூணும் உத்திரமும் வைத்தார்கள். மற்றவர்கள் பனங்கையையும் பூவரசையும் வேம்பையும் கொண்டு சமாளித்தார்கள். எதுவானாலும் கூரையின் பாரத்தை மரமே தாங்குகிறது. சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்திலோ சேற்றுச் சாந்திலோ எழுப்பியது. இந்த வீடுகளில் ஒரு குறைவும் இல்லாமல் நம் முன்னோர் வாழ்ந்தார்கள் என்று சொல்பவர்கள், இரவில் கொல்லைக்குப் போய்வர வேண்டியிருந்த பெண்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சென்ற ஐப்பசியில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாரைக் காண நேர்ந்தது. கொல்லைக் கோடியில் அவர் வீட்டுக் கழிப்பறை இருக்கிறது. அடைமழையில் அதுவரை நடக்க வேண்டும், பாசி பிடித்த கல், இடையில் விளக்கில்லை. "தம்பி, ராத்திரியிலே போக வேண்டி வருமே என்று பயந்து, பொழுது சாய்ந்தால் நான் தண்ணீரே குடிக்கிறதில்லை" என்றார் அவர். தம் வீட்டில் மட்டுமல்ல, தம் வயதுப் பெண்கள் பலருடைய வழக்கமே அதுதான் என்றும் சொன்னார். தண்ணீர் குடியாமலிருப்பதால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வருவது எந்த டாக்டரும் சொல்லும் விஷயம். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் மறுபடி எழுந்து நடமாடுவது எத்தனை கஷ்டம் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஆகவே வீட்டுக்குள்ளேயே, அல்லது கூரை விட்டு இறங்காமல் போய்வரக்கூடிய இடத்திலேயே இந்த வசதி இருப்பது ஆடம்பரமன்று. மாங்கனித் திருவிழாவுக்கு உறவினர் வந்து நிறைந்திருக்கும் காலையில் ஒரே ஒரு குளியலறைக்கு முன்னால் வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணமும் வேண்டியதில்லை.

வீட்டுக்குள் கழிப்பறை வைத்தால் தீட்டு, பூஜை அறைக்கும் சமையலறைக்கும் ஆகாது என்று பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அத்தயக்கத்தை நான் பரிகசிக்க மாட்டேன். அவர்கள் அறிந்திருந்த கழிப்பறை, எடுப்புக் கக்கூஸ். நாற்றமும் ஈயும் மொய்க்கும் அதனை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வைத்ததில் நியாயம் இருந்தது. அதைச் சுமந்து சென்ற மனிதர்களையும் அதே தூரத்தில் வைத்ததில் நியாயம் இருக்கவில்லை. இன்றைய பீங்கானின் அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் சிறிது தண்ணீர் நின்று, குழியிலிருந்து வரும் நாற்றத்தையும் பூச்சிகளையும் அடைத்துவிடுகிறது. கிராமங்களுக்கு ஏற்ற இத்தகைய பீங்கானை 1950-களில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆராய்ச்சித் திட்டமொன்று உருவாக்கியது. அத்திட்டம் நடந்த ஊர்களில் சென்னைக்கருகிலுள்ள பூந்தமல்லியும் ஒன்று. சரிவு மிகுந்த அந்தக் கிராமியப் பீங்கானில் நிற்கும் நீரின் ஆழம் 2 சென்டிமீட்டர்தான். ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகிவிடும். பட்டணத்துக் கடையில் பளபளப்பாக இருக்கிறதென்று வேறு பீங்கானை வாங்கி வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீரை யார் சுமப்பது, அவ்வளவு தண்ணீரையும் எந்தக் குழி குடிப்பது என்று வாங்குவதற்கு முன்னரே யோசிக்க வேண்டும்.

இனி மரத்துக்கு வருவோம். பழைய வீட்டில் குளியலறை கட்டும்போது பெரும்பாலோர் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கூடத்தை ஒட்டி நெல் போட்டு வைத்திருந்த உள்ளறை ஒன்று காலியாக இருந்தது. அறை தயாராகவே இருக்கிறது, கூரை இருக்கிறது, நாலு சுவரும் இருக்கின்றன, செலவு குறையும் என்று எண்ணி அதையே குளியலறையாக்கினார்கள். சுவரில் சிமெண்ட் பூசி, ஆளுயரத்துக்கு வழவழப்பான ஓடு பதித்தார்கள். மூலையில் நின்ற மரத்தூண் பார்வைக்கு நன்றாயில்லை என்று அதையும் சேர்த்துப் பூசி மறைத்தார்கள். மேலே உத்திரத்தின் மீதே பலகை போட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினார்கள். இரண்டு ஆண்டு வரையில் பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துக் காரை பொரிந்து விழுந்தது. ஆசாரியை அழைத்துப் பூச்சை உடைத்துப் பார்த்தால், தூணின் அடிப்பாகம் கையால் பிய்த்தெடுக்கும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது. கறையான் மண்பாதை கட்டிக்கொண்டு உத்திரத்தின் நுனி வரை ஏறியிருந்தது. குளியலறைக்குச் செலவிட்டதைப் போல் பன்மடங்கு கூரையைக் காப்பாற்றச் செலவிட்டார்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தேக்கானாலும் பனையானாலும், நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து இருக்கும் மரம் நெடுநாள் வாழும். நனைந்தபடியே, காற்றுப்படாமல் அடைபட்ட மரம் உளுத்துப்போகும். மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு மேல் ஈரம் தங்கிவிட்டால் அதைத் தின்னும் காளான் வளரத் தொடங்குகிறது. ஈரமான மரத்தைக் கறையானும் விரைவில் கண்டுகொள்கிறது. இதையறிந்துதான் நம் பழைய தச்சர்கள் தூணை மண்ணில் ஊன்றாமல் கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தினார்கள். அந்தக் கல்லை மறைத்துத் தளத்தை உயர்த்துபவர், அவர்கள் செய்து வைத்த பந்தோபஸ்தைத் தம் கையாலேயே அழிக்கிறார். சுவரின் கதையும் அவ்வாறே. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது. நம் கடலோர மண்ணில் உப்பும் அதனுடன் ஏறுகிறது. ஆகவே பழைய சுவரைப் பழுது பார்க்க வேண்டுமானால் சுண்ணாம்பைக் கொண்டே பழுது பாருங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த நீரில் சுண்ணாம்புக் கலவை குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள் என்பது உண்மை. இருப்பவர்களைத் தேடிப்பிடித்து, இளைஞர் ஒருவரையும் கூட வைத்து வேலை வாங்கினால் நல்லது.

அப்படியானால் எங்கே கட்டுவது? என் அபிப்பிராயத்தில் சிறந்த இடம் கொல்லைப்புறத் தாழ்வாரத்தின் கோடி. சமையலறைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, கிணற்றுக்குத் தூரமாக, கூரைக்குள்ளிருந்தே காலெடுத்து வைக்கும்படி ஓர் அறையைத் தனியாக எழுப்ப வேண்டும். தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்குச் சொந்தமாக அஸ்திவாரம், சொந்தமாக நாலு சுவர், சொந்தமாகக் கான்கிரீட் தளம். பழைய சுவரை அதன் நாலாவது சுவராகப் பயன்படுத்தி மிச்சம் பிடிக்கலாமென்று கொத்தனார் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய மரத்துக்கும் புதுச் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும். காற்றும் போகும், கறையான் ஏறினால் கண்ணுக்கும் தெரியும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. அதன் அடிமட்டத்துக்குக் கீழே பக்கத்திலேயே நீளவாக்கில் பள்ளம் வெட்டினால் சுவர் சரியும். மூன்றடி, நான்கடியாகப் பகுதி பகுதியாக வெட்டிக் கட்டிக்கொண்டு போக வேண்டும்; மேலே உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே கடப்பாரையைக் கையில் எடுக்க வேண்டும்.

இடமின்மையால் உள்ளறையைத்தான் மாற்ற வேண்டுமென்ற நிலையிலும் வழியில்லாமல் போகவில்லை. முதலில் ஆசாரியை வைத்து ஒவ்வொரு தூணையும் உத்திர நுனியையும் தட்டிப் பார்க்கவும், குத்தூசியால் குத்திப் பார்க்கவும் செய்யுங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் முதலில் கெடும். கெட்டது நுனி மட்டுமாயின் அதை மட்டும் வெட்டி நல்ல மரத்தை ஒட்டுப்போடலாம்; தூண் முழுவதையும் மாற்ற வேண்டுமென்று சொல்பவரிடம், பழைய தேக்கை விலைக்கு வாங்குபவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிறகு, அறைக்குள் மற்றோர் அறை என்பதுபோல் உட்புறத்தில் மெல்லிய சுவர் எழுப்பி, தாழ்வாகத் தனிக் கூரை போட்டு மூடிவிட வேண்டும். வெந்நீர் ஆவி ஓட்டுக் கூரைக்குப் போகக்கூடாது. சாளரம் வழியாக வெளியேதான் போக வேண்டும். முற்றத்துப் பக்கம் சாளரம் வைத்தால் போதும்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. அறுபது கிலோ மூட்டையாகப் பார்த்தால் பதினாறு மூட்டை நெல்லுக்கு மேலாகிறது. நூறாண்டு ஓட்டுக் கூரையைச் சுமந்த உத்திரத்தின் நடுவில் பதினாறு மூட்டை நெல்லை நிரந்தரமாக அடுக்கி வைக்க உங்களில் யாரும் சம்மதிக்க மாட்டீர்கள். தண்ணீர் என்றால் மட்டும் சம்மதிக்கிறோம்! தொட்டியைப் புதிய அறையின் தளத்தின் மீதோ, கொல்லையில் தனித் தூண்களின் மீதோ வையுங்கள்.

உள் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறடி நீளத் தளத்துக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத சரிவு வேண்டும். வாசற்படியில் சிறு தடுப்பு வேண்டும், ஆனால் முதியோர் கால் தடுக்கும் உயரம் வேண்டாம். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். சுவரில் பற்றிக்கொள்ள இரும்புக் கம்பி ஒன்று பொருத்துங்கள். வெந்நீர் எந்திரம் வைப்பவர்கள், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சை அவசியம் பொருத்த வேண்டும். குளியலறையும் கழிப்பறையும் ஒன்றா, தனித்தனியா என்று கேட்பார்கள். ஆட்கள் அதிகமுள்ள வீட்டுக்குத் தனித்தனியே நல்லது. நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு ஒன்றாக, சற்று விசாலமாக, உட்காரும் பீடத்துடன் இருப்பதே நல்லது.

அறை முடிந்தது. தண்ணீர் எங்கே போகிறது?

முற்றத்திலே விழும் மழைநீரை வெளியேற்ற வீட்டின் அடியில் ஒரு சலதாரை இருக்கும். அதிலேயே கழிப்பறைக் குழாயைச் சேர்த்துவிடுவது சுலபமென்று தோன்றும். அதைப்போல் ஆபத்தானது வேறில்லை. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. அந்நாளில் சலதாரை நிரம்பி எதிர்த்துக்கொண்டால், போன கழிவு முற்றத்துக்கே திரும்பி வரும். சிலர் குழாயைக் கொல்லையைத் தாண்டி வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். நாம் காவிரியின் கடைமடைக்காரர்கள். மேலே உள்ளவர்கள் நமக்குத் தண்ணீர் விடவில்லையென்று ஆண்டுதோறும் முறையிடுகிறோம். நமக்குக் கீழேயும் ஒரு கடைமடை உண்டு. அங்கே நாற்றங்காலில் இறங்கி நடுகிறவர்களும் இந்தக் கொம்யூன் மக்களே. அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் கடல் ஏற்றத்தின்போது நீர் பின்வாங்கி நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விட்டது போய்விட்டது என்று எண்ணுவதற்கும் இங்கே இடமில்லை.

குழிதான் வழி. ஆனால் நம்மவர்கள் குழி என்றால் என்ன செய்கிறார்கள்? கிணற்றுக்கு இறக்குவது போலவே சிமெண்ட் உறைகளை வாங்கி வந்து ஐந்து, ஆறு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஆழத்துக்கு இறக்கிவிட்டு, அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைக்கிறார்கள். ஆழமாக இருந்தால் சீக்கிரம் நிரம்பாதென்று எண்ணம். நிரம்பாததன் காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கடலோரத்துக் கிராமங்களில் கார்த்திகை மாதம் மண்வெட்டியால் சில அடி வெட்டினாலே தண்ணீர் ஊறுகிறது. ஆறு உறை ஆழத்துக்குப் போன குழி நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கிறது. அதிலுள்ளது அனைத்தும் கரைந்து, அதே நீரில் நிற்கும் கிணற்றுக்கு மெல்ல நகர்கிறது. இருக்கின்ற நன்னீரும் நமக்கு அதிகமில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது கடற்கரைக் கிணறுகள் பல உவர்ப்பேறிப் போனதை அனுபவித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

இவ்விஷயத்தில் லண்டன் மாநகரமே ஒரு காலத்தில் பாடம் கற்றது. 1854-ஆம் ஆண்டில் அங்கே பிராட் தெரு என்ற இடத்தைச் சுற்றிக் காலரா பரவி அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். துர்க்காற்றினால் வருவது என்று எல்லோரும் நம்பிய அக்காலத்தில் டாக்டர் ஜான் ஸ்நோ என்பவர், இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அத்தெருவிலிருந்த ஒரு குழாய்க் கிணற்றை நோக்கி விரல் நீட்டினார். கைப்பிடியைக் கழற்றி வைத்தார்கள். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டின் கழிவுத் தொட்டி அந்தக் கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் இருந்ததும், அதன் செங்கற்கட்டு சிதைந்து கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்துகொண்டிருந்ததும் தெரியவந்தது. அது வீட்டின் முன்புறத்திலேயே இருந்த தொட்டி. யாரும் கவனிக்காத ஒன்று. நம் ஊரில் எத்தனை கொல்லைகளில் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே துணி உலர்த்தும் கொடி மட்டும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நமக்குத் தகுந்தது, ஆழமற்ற இரட்டைக் குழி. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் உள்ள இரண்டு குழிகள் போதும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டுவதால் நீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் ஊறிவிடும். ஒரு குழி நிரம்ப இரண்டு மூன்று ஆண்டாகும். அப்போது அதை மூடி, நடுவிலுள்ள சந்திப்புத் தொட்டியில் அடைப்பை மாற்றி, மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை விட்டுவிட்டால் உள்ளே இருப்பது மக்கி, வாடையற்ற கறுப்பு எருவாகிறது. நீர் தேங்காத குழியில்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கிணற்றிலிருந்து 10 மீட்டருக்குக் குறையாமலும், இடமிருந்தால் 15 மீட்டரும் தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இதே தூரம். சுவருக்கு அப்பால் இருப்பதும் கிணறுதான். நிலத்தடி நீர் உயரமாக உள்ள இடத்தில் குழியின் அடியைச் சிமெண்ட் போட்டு அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் நிரப்ப வேண்டும். வெள்ளம் நிற்கும் இடமானால் வெள்ள மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே குழியின் வாய் நிற்கும்படி உயர்த்தி, சுற்றிலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மண்மேடு போட வேண்டும். பீங்கானிலிருந்து குழிக்குப் பதினைந்தடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் வேண்டுமாதலால் கழிப்பறையின் தளமும் உயரமாக இருந்தாக வேண்டும். இங்கேதான் பழைய வீடு நமக்கு உதவுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி முன்னோர் தளத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். புதிய அறையையும் அதே மட்டத்துக்கு எழுப்பினால் இறக்கம் தானாகக் கிடைக்கும்.

குளிக்கும் நீரைக் குழியில் விடவே கூடாது. ஒரு குடும்பம் நாள்தோறும் குளித்துத் துவைக்கும் தண்ணீர் முழுவதையும் களிமண் குடிக்காது. குழி நிரம்பி வழியும். அதற்குத் தனிக் குழாய் வைத்து, வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சுங்கள். முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் மனைகளில் இரட்டைக் குழியும் பயன்படாது. அங்கே நீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, தரைக்கு மேல் கட்டிய அறைகளில் சாம்பல் தூவி உலரவைக்கும் முறை உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் அத்தகைய கழிப்பறைகள் இயங்கியிருக்கின்றன. அல்லது நாற்புறமும் அடியும் நீர்புகாமல் கட்டிய, இரு அறைகள் கொண்ட உண்மையான செப்டிக் டேங்கைக் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை எந்திர வண்டியைக் கொண்டு எடுக்க வேண்டும்.

எந்திர வண்டி என்று சொன்னதைக் கவனியுங்கள். தொட்டிக்குள் நிற்கும் விஷவாயுவுக்கு நிறமில்லை. முதலில் இறங்கியவர் மயங்குவார், தூக்கப்போனவரும் மயங்குவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டியில் இறக்கிச் சுத்தம் செய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறக்குபவர் முனிசிபாலிட்டியாயினும் சரி, வீட்டுக்காரராயினும் சரி, விதிவிலக்கில்லை. சாக்கடைகளில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டிய நஷ்டஈட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கூலிக்காக இசைந்து வந்தார் என்ற சமாதானம் செல்லாது. இரட்டைக் குழியை நான் வற்புறுத்துவதற்குப் பாதிக் காரணம் இதுவே. மக்கிய எருவை வீட்டுக்காரரே மண்வெட்டியால் வெட்டித் தென்னைக்குப் போடலாம். அதற்கென்று ஒரு ஜாதியாரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 2014 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகையாக வகுக்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களோடு, சிறு, குறு விவசாயிகளும், ஆதிதிராவிடர், பழங்குடியினரும், பெண்ணைத் தலைவியாகக் கொண்ட குடும்பங்களும், ஊனமுற்றோரும் அதற்கு உரியவர்களாயினர். அத்தொகை கழிப்பறைக்கே, குளியலறைக்கும் மரவேலைக்கும் அன்று. இவ்வாண்டு எந்த உதவி நடைமுறையில் இருக்கிறதென்பதை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய வீடு வைத்திருப்பவர்கள், சர்க்கார் பணம் வரட்டும் என்று அம்மாவைக் கொல்லைக்கு நடக்கவிட்டுக் காத்திருப்பது எனக்கு உவப்பாயில்லை.

பஞ்சாயத்துக் காரியங்களில் ஈடுபடுவோருக்கு ஒரு வார்த்தை. தெருவில் யார் வீட்டில் எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் கிணறு என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கும் ஊர் மிகச் சில. ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் இருந்தால் இளைஞர் இருவர் சில நாட்களில் செய்துவிடலாம். மழைக்கு முன் அதைச் செய்து முடித்தால், எந்தக் கிணற்று நீரை முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்று சுகாதார நிலையத்தாரிடம் காட்ட முடியும்.

கட்ட நினைப்பவர்கள் இந்த வாரமே கொத்தனாரிடம் ஓட வேண்டாம். உங்கள் கிணற்றின் உட்சுவரில், கார்த்திகை மழையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதென்று ஒரு கோடு போடுங்கள். சித்திரையில் எங்கே நிற்கிறதென்று மற்றொரு கோடு. கொல்லையில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது ஊற எவ்வளவு நேரமாகிறதென்று பாருங்கள். வீட்டின் தளம் தெருவைவிட எத்தனை அடி உயரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். இந்த அளவுகளோடு அலுவலகத்துக்கு வந்தால், இரட்டைக் குழியா, மேட்டுக் குழியா, செப்டிக் டேங்கா என்பதை எங்கள் பொறியாளர் உங்களோடு உட்கார்ந்து அன்றே சொல்லிவிடுவார். ஆசாரி யாரையாவது கூட அழைத்து வந்தால் இன்னும் நல்லது.